பினாயில் மட்டும் வந்த பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாதம் தவறாமல் ஒரு டின் பினாயில் வரும். கார்ப்பரேஷன் ஆபீசிலிருந்து ஒருவர் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துக்கொண்டு வருவார். பெரிய டீச்சரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். பெண் பிள்ளைகளின் கக்கூஸைக் கழுவுவதற்கான பினாயில் அது. கக்கூஸ்தான் கிடையாது.

கல் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பூவரச மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல். பெண் குழந்தைகள் கழிப்பறைக்கு அடிக்கல் நாட்டியவர் இன்னார் என்று எங்கள் வட்டத்துக் கவுன்சிலர் பெயரை அதில் செதுக்கி மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கல் நாட்டிய அன்றைக்கு அவர் மாலையும் கழுத்துமாக வந்து ஒரு கரண்டி சிமெண்ட் போட்டார். எங்களுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். அந்த ஒரு கரண்டியோடு வேலை நின்றது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே அந்தக் கல்லில்தான் என்பதால், அதனால் ஒரு உபயோகமும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டை ஒட்டிய பள்ளிக்கூடம் அது. எட்டாம் வகுப்பு வரை உண்டு. பின்பக்கச் சுவர் இடிந்த இடத்தில் இறங்கினால் தண்டவாளம். அங்கே எப்போதும் பத்துப் பதினைந்து வேகன்கள் வரிசையாக நிற்கும். சுவருக்கும் வேகனுக்கும் நடுவிலிருந்த சந்துதான் எங்களுக்குக் கக்கூஸ். இன்டர்வெல் மணி அடித்ததும் பெண்கள் கூட்டமாக அங்கே ஓடுவோம். வேகன் நல்ல மறைவு. அதில் இருந்த ஒரே குறை, அதற்குச் சக்கரம் இருந்தது.

என் அக்கா அப்போது ஏழாம் வகுப்பு. அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கக்கூஸ் கேட்டுப் பெரிய டீச்சர் கார்ப்பரேஷனுக்கு எழுதிய மனுவை அவளைத்தான் நகல் எடுக்கச் சொன்னார்கள். மூன்று மனு போனது. மூன்றாவதற்குப் பதில் வந்தது. மேற்படி கழிப்பறை கட்டி முடித்து ஒப்படைக்கப்பட்டுவிட்டது, அதைச் சுத்தமாகப் பராமரிப்பது பள்ளியின் பொறுப்பு என்று எழுதியிருந்தார்கள். அதற்கு அடுத்த மாதத்திலிருந்துதான் பினாயில் வர ஆரம்பித்தது. பெரிய டீச்சருக்கு ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. இல்லாத கக்கூஸுக்கு வந்த பினாயிலைத் திருப்பி அனுப்பினால் எங்கோ கோடியில் இருக்கும் சடையங்குப்பத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று யாரோ அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டு, டின்னை பீரோவில் வைத்துப் பூட்டினார். எங்கள் மார்க் ஷீட்டெல்லாம் பினாயில் வாசனை அடிக்கும். பிற்பாடு நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சராக உட்கார்ந்தேன். எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் எழுந்து போய்ப் பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவேன். ஆபீஸ்காரர்களுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அதில் வருத்தமில்லை.

ஒரு நாள் இன்டர்வெல்லில் அக்காவும் அவள் சிநேகிதிகள் இரண்டு பேரும் அந்தச் சந்தில் உட்கார்ந்திருந்தபோது எஞ்சின் வந்து வேகன்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. யாருக்கும் அடிபடவில்லை. மறைவுதான் போயிற்று. எதிரே யார்டு முழுக்க ஆட்கள், மூட்டை தூக்குகிறவர்கள், லாரிக்காரர்கள். இரண்டு தண்டவாளம் தள்ளிப் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினைப் போகச் சொல்லி ஆட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் நைனா. அவர் அந்த யார்டில் தண்டவாளம் மாற்றிக் கொடி காட்டும் பாயிண்ட்ஸ்மேன்.

அன்று சாயங்காலம் நைனா வீட்டுக்கு வந்து கைகால் கழுவினார். அக்காவின் பக்கம் திரும்பாமல் அம்மாவிடம் ஒரே வாக்கியம் சொன்னார்.

“நாளைலேர்ந்து அது இஸ்கூலுக்குப் போவ வேணாம்.”

 மறுநாளிலிருந்து அக்கா அம்மாவோடு உட்கார்ந்து கோணி ஊசியால் கிழிந்த சாக்கு தைக்க ஆரம்பித்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு நல்ல யோகம், இனி வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டாம் என்று உண்மையாகவே பொறாமைப்பட்டேன்.

அடுத்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தேன். அக்கா என்னை அந்தச் சந்துப் பக்கம் போகவே விடவில்லை. காலையில் காபியில் பாதியைப் பிடுங்கிக் கொட்டிவிடுவாள். மத்தியானம் தண்ணீர் குடிக்கவில்லை என்று சத்தியம் வாங்குவாள். சாயங்காலம் மணி அடித்ததும் நான் வீட்டுக்கு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, ஸ்போர்ட்ஸில் சேரச் சொல்லி டிரில் மாஸ்டர் கூப்பிட்டார். இதுவும் எத்தனை நாளைக்கு? முழுப் பரீட்சை முடிந்ததும் என்னையும் நிறுத்திவிடுவதென்று நைனா முடிவு செய்துவிட்டார். வளர்கிற பெண், மானம் போனால் வராது என்றார். பெரிய டீச்சரின் நாற்காலியில் ஒரு நாள் நான்தான் உட்காரப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். மூன்று நாள் அழுதேன். சோறு வேண்டாம் என்றேன். நைனா மசியவில்லை.

நான்காம் நாள் அக்கா சாக்கு தைப்பதை நிறுத்தி ஊசியைக் கீழே வைத்தாள்.

“பினாயிலு இன்னிக்கி வந்துச்சா?” என்று கேட்டாள்.

வந்தது என்றேன்.

“நாளிக்கி இன்டர்வெல்லுல பொண்ணுங்க ஒருத்தியும் வேகனாண்ட போவக் கூடாது. எல்லாரும் இஸ்கூல் கேட்டாண்ட வந்து வரிசையா நில்லுங்க. நீ டீச்சராண்ட கேட்டு அந்த டின்ன எடுத்துக்கினு வா.”

பெரிய டீச்சர் எதற்கு என்று என்னைக் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து டின்னை மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் டின்னோடு வெளியே போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரே நிற்கும் ஆள் தெரியாது.

இருபத்து மூன்று பேர் போனோம். முன்னால் அக்கா, அவளுக்குப் பின்னால் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான், எனக்குப் பின்னால் எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்பு வரை. ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டாவது தெருவில் கவுன்சிலர் வீடு. வாசலில் பந்தல் போட்டு, மனு கொடுக்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்து விழாவுக்கு அழைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். சட்டைக் காலரைச் சரிசெய்து கொண்டார்.

அக்கா கும்பிட்டாள்.

“தலைவரே, எங்க இஸ்கூலு கக்கூஸுக்கு மாசாமாசம் பினாயிலு வந்துக்கினே கீது. கக்கூஸுதான் எங்க கீதுன்னு தெர்ல. உங்க பேரு போட்ட கல்லு கீது, அதான் உங்க வூட்டாண்ட இருக்குமோன்னு வந்தோம். பொண்ணுங்களுக்கு அவசரமா கீது.”

பெஞ்சில் இருந்த ஒருவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. கவுன்சிலர் பேப்பரை மடித்தார். ஆபீசில் விசாரிக்கிறேன் என்றார், ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார், இப்போது இடத்தைக் காலி பண்ணுங்கள் என்றார். அவர் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஒன்றாம் வகுப்புப் பெண்ணொருத்தி கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். உள்ளேயிருந்து கவுன்சிலரின் மனைவி வந்தார். கையெல்லாம் மீன் செதில்.

“இன்னாய்யா நீ? கொயந்தைங்க அடக்கிக்கினு நிக்குதுங்க, ஃபைலு ஃபைலுன்னுக்கினு கீற? வாங்கடீ உள்ளே.”

ஒவ்வொருத்தியாக அவர்கள் வீட்டுக் கூடத்தைக் கடந்து கொல்லைக்குப் போய் வந்தோம். என் முறை வந்தபோது டின்னை மட்டும் யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் கவுன்சிலரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அவரும் வாங்கிக்கொண்டார். நான் திரும்பி வரும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மரியாதையான மனிதர்.

மறுநாளும் போனோம். மூன்றாம் நாள் வாசல் கேட்டில் பூட்டு. அவர் மனைவி கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்தார். நான்காம் நாள் வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. முனை சோடாக் கடைக்காரர் எங்களைத் தலை எண்ணி, நேற்றைவிட இன்றைக்கு ஒரு ஆள் குறைகிறதே என்று விசாரித்தார். கக்கூஸ் கட்டுகிற வரைக்கும் இந்த வீட்டில் மீன் குழம்பு கிடையாது என்று அந்தம்மாள் சொல்லிவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். உண்மையோ பொய்யோ, ஆறாம் நாள் கவுன்சிலர் தானே கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டார் என்பது உண்மை. எட்டாம் நாள் செங்கல் வந்து இறங்கியது.

அதற்குள் விஷயம் யார்டுக்கும் எட்டியிருந்தது. நைனா வீட்டுக்கு வந்தபோது இன்று தோலை உரிக்கப் போகிறார் என்று நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினேன். அக்கா நகரவில்லை, தைத்துக்கொண்டே இருந்தாள். நைனா சாப்பிட உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தபடியே அவளிடம் கேட்டார்.

“கவுன்சிலர் வூட்டு கக்கூஸ் கதவுல தாப்பா கீதா?”

“கீது நைனா.”

“ம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் அக்காவிடம் நேராகப் பேசியது அதுதான் என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. அடி விழாததே எனக்குப் போதுமாயிருந்தது.

கக்கூஸ் எழும்பியது. இரண்டு அறை, மேலே ஓடு, முன்னால் ஒரு தொட்டி. காண்டிராக்டர் கதவை மாட்டினார், தாழ்ப்பாள் மாட்டவில்லை. எஸ்டிமேட்டில் கதவு என்றுதான் இருக்கிறது, தாழ்ப்பாள் என்று இல்லை என்றார். இன்னொரு மனுவுக்குப் பெரிய டீச்சர் பேனாவைத் திறந்த சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா அங்கே போனார். பள்ளிக்கூடத்துக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கனத்த இரும்புத் தாழ்ப்பாள்களைக் கொண்டுபோய், நட்டு போல்ட்டு வைத்து முடுக்கிவிட்டு வந்தார். யானை முட்டினாலும் திறக்காது. அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்கவில்லை. முழுப் பரீட்சைக்குப் பிறகு என்னை நிறுத்துவது பற்றி அதன்பின் வீட்டில் பேச்சே எழவில்லை.

திறப்பு விழாவுக்குக் கவுன்சிலர், அன்றைக்குக் காலரைச் சரிசெய்த அதே சட்டையில் வந்து ரிப்பன் வெட்டினார். கேட்பதற்கு முன்பே கொடுக்கிற கை என்று கூட வந்தவர் ஒருவர் பேசினார். நாங்கள் பெண்கள் எல்லோரும் பலமாகக் கை தட்டினோம். பழைய கல்லுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கல் வைத்தார்கள், அதிலும் அதே பெயர். ஒரு கக்கூஸுக்கு இரண்டு கல் வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது என்று எனக்கு ஒரே பெருமை. அவர் மனைவி முன்வரிசையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, “இனிமே நம்ம வூட்டாண்ட வர மாட்டீங்களாடீ?” என்று கேட்டுக் கன்னத்தைக் கிள்ளினார்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் காலியான பிறகு அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தாள். ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கக்கூஸ் பக்கம் போனாள். நான் வீட்டுக்காரிபோல முன்னால் நடந்து, இது தொட்டி, இது கதவு, இது நம் நைனா போட்ட தாழ்ப்பாள் என்று காட்டினேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு திறக்கும் சத்தம். மறுபடி விழும் சத்தம். அப்புறம் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த அறையில் விழாவுக்கு வந்த வாழைமரத்தையும் நாற்காலிகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். எனக்கோ அவசரம். காலை மாற்றி மாற்றி நின்றேன். நாள் முழுக்க அடக்கிப் பழகியவளுக்கு அந்த ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. இவள்தான் இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லையே, இவளுக்கென்ன இங்கே இவ்வளவு நேரம் என்று எரிச்சலோடு கதவைத் தட்டினேன்.

“அக்கா, சீக்கிரம் வா. வவுறு சரியில்லயா?”

அவள் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். ஆனாலும் கண்ணிரண்டும் சிவந்து கிடந்தன.

“இன்னாக்கா ஆச்சு?”

“ஒண்ணுமில்லடீ. பினாயிலு நெடி, கண்ணு எரியுது. நீ போ, நான் நிக்கிறேன்.”

நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். பினாயில் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாகக் கக்கூஸ் கழுவும் ஆயாவைத் தேடிப் போனேன். நெடி தாங்கவில்லை, பார்த்துத் தெளியுங்கள், எங்கள் அக்காவுக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.