அக்காவின் கோடு

மாலை நாலே முக்கால். முதலில் கண்ணில் பட்டது சிவப்புச் சட்டைக்காரனின் குதிகால். அது கோட்டின் மேல் இருந்தது. அவன் காலைத் தூக்கியபோது கறுப்பு ஷூவின் பின்பக்கம் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. கையில் பந்து. அக்கா விசில் ஊதிவிட்டாள்.

வெள்ளானூரில் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட கூடைப்பந்துத் திடல் அது. உள்ளூர்ப் பையன்கள் சிவப்பு. காட்டுப்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் நீலம். நடுவர்கள் இருவர்: என் அக்காவும், அவள் கணவரான மாமாவும். இருவருக்கும் அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் விசில். மாமா மாநில நடுவர் பட்டியலில் ஏற்கெனவே இருந்தார். அக்காவுக்கு அதற்கான தேர்வே அன்றைய ஆட்டம்தான். குழந்தை பிறந்த பிறகு விட்டுவிட்ட விளையாட்டுக்கு அவள் திரும்பி வந்தது அந்தப் பட்டியலில் ஏறுவதற்காக. ஓரத்து மேஜையில் நான் புள்ளி எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் தேர்வாளர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

நடுவர் இருவர் என்றால் கோடுகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். பந்து யார் கோட்டில் வெளியே போகிறதோ அவர் ஊதுவார், யாருக்குப் பந்து என்று அவரே கை காட்டுவார். சரியாகத் தெரியாவிட்டால் மற்றவரைத் திரும்பிப் பார்ப்பார். அவர் பார்க்காதவரை மற்றவர் தலையிடுவதில்லை. மேஜைக்காரர்களுக்கு அதில் பேச்சே கிடையாது. அந்தப் பக்கக் கோடு அக்காவுடையது. அவள் மாமாவைப் பார்க்கவில்லை. நீலத்துக்குக் கை காட்டினாள்.

ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. நீலம் ஒரு புள்ளி முன்னால். சிவப்பு அணி கொடுத்த பாஸ் நீலச் சட்டைக்காரன் ஒருவனின் விரலில் உரசித் திசைமாறிப் பறந்தது. பந்து காற்றில் இருக்கும்வரை, கோட்டைத் தாண்டினாலும் அது வெளியே போனதாகாது. வெளித்தரையிலோ, கோட்டை மிதித்து நிற்கும் ஆள் மேலோ பட்டால்தான் அவுட். அப்படி நின்று தொட்டவன்தான் அதை வெளியே அனுப்பியவன். சிவப்புப் பையன் பேசாமல் விட்டிருந்தால் பந்து அவன் அணிக்கே வந்திருக்கும். அவன் எட்டிப் பிடித்தான், குதிகால் கோட்டில் இருக்க.

கூட்டம் பார்த்தது விரலை மட்டும்.

"இன்னா மேடம், கண்ண ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

அக்கா திரும்பவில்லை. இன்னொரு குரல் எதிர்ப்பக்கத்திலிருந்து, மாமாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"நைனா, ஊட்லயும் அவங்க விசிலு, இங்கயும் அவங்க விசிலா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மாமா திடலைக் குறுக்கே கடந்து ஓடிவந்தார். மேஜைக்கு முன்னால் இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள்.

"நீலத்துக்காரன் வெரல்ல பட்டுச்சி."

"பட்டுச்சி. அதுக்கப்புறம் இன்னா ஆச்சின்னு நீ பாக்கல. காலு கோட்டு மேல கீது."

மாமா அந்தக் காலைப் பார்க்கவில்லை. கையை உயர்த்திச் சிவப்புக்குக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. தேர்வாளர் காலை மடக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

வெளியிலிருந்து பந்தை உள்ளே எறியும் த்ரோ-இன் போடுகிறவனிடம் அதைக் கையில் கொடுக்க வேண்டியவரும் அந்தக் கோட்டுக்கு உரிய நடுவர்தான். அக்கா பந்தை வாங்கினாள். கொஞ்ச நேரம் இடுப்போடு அணைத்து வைத்திருந்தாள். பிறகு அதே பையனிடம் கொடுத்துவிட்டு, எறிய அவனுக்குள்ள ஐந்து நொடியை எண்ணக் கையை வீச ஆரம்பித்தாள். அவன் உள்ளே எறிந்தான். சிவப்பு கூடையில் போட்டது. ஆட்டம் முடிந்தது.

இரண்டு நடுவர்கள் இரண்டு திசையில் கை காட்டிக்கொண்டு நின்றால் ஆட்டத்தை அதற்கு மேல் நடத்த முடியாது, யாராவது ஒருவர் கையை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று அக்கா பின்னால் ஒருமுறை சொன்னாள். அது உண்மைதான். அது மாமாவுக்கும் தெரியும் என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

தேர்வாளர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "நீ ஊதுனது கரெக்டும்மா. ஆனா அதுல நிக்கலியே," என்றார். மாமாவிடம், "சார், கேம நல்லா கன்ட்ரோல் பண்ணீங்க," என்று கை கொடுத்தார். மாமா அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு மூவரும் நடந்தோம்.

"என் கோட்டுல இன்னாத்துக்கு வந்தே?"

"கும்பல பாத்தல்ல? உள்ள பூந்திருந்தா இன்னா பண்ணுவே?"

"பூந்தாங்களா?"

மாமா வண்டியை உதைத்துக் கிளப்பினார். அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வழக்கமாக அவர் தோளில் வைக்கும் கை அன்று கம்பியைப் பிடித்திருந்தது.

வீட்டில் இருவரும் அதற்குப் பிறகு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சமையல், குழந்தையின் பள்ளி, ஷிஃப்ட் மாற்றம் என்று பேச வேண்டியதைப் பேசுகிறார்கள். டிவியில் கூடைப்பந்து வந்தால் யார் கையில் ரிமோட் இருக்கிறதோ அவர் சேனலை மாற்றிவிடுகிறார். என் மேஜைக்கு எதிரே இப்போது வேறு நடுவர்கள் ஓடுகிறார்கள். பந்து வெளியே போனால் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கும் அந்த ஒரு கணத்தில் என் பேனா நின்றுவிடுகிறது.

அடுத்த முறை தேர்வு வந்தபோது அக்கா பெயர் கொடுக்கவில்லை. மாமா இந்த ஆண்டிலிருந்து தேர்வாளர்.