உத்திராபதி கை வைக்காத புத்தகம்

ஒரு துண்டை நாலாக மடித்து மேசைமேல் விரித்துவிட்டு, இன்னொரு துண்டால் புத்தகத்தை இரண்டு பக்கமும் அணைத்துத் தூக்கி அதன்மேல் இறக்கி வைக்கிறார் உத்திராபதி. ஒரு சின்ன அரிசிப் பையின் கனம் இருக்கும். கருஞ்சிவப்புத் தோல் அட்டை, முதுகில் விரல் தடிமனுக்குப் புடைத்த வரம்புகள், ஓரமெல்லாம் தங்கக் கோடு. அட்டை புதுக் காரின் டாஷ்போர்டு போலப் பளபளக்கிறது. அவர் அதற்குப் பூசுவதும் டாஷ்போர்டு பாலிஷ்தான்.

"கைய வெச்சி சொல்லுப்பா. வண்டி எங்கியாவது அடிபட்டுச்சா?"

கை வைக்க வேண்டியவன் வண்டியை விற்க வந்தவன். அவன் கையை அவர் பார்ப்பதில்லை. தொண்டையைத்தான் பார்ப்பார், எச்சில் விழுங்குகிறானா என்று.

சிதம்பரம் புறவழிச்சாலை ஓரம் தகரக் கொட்டகை போட்டு, பழைய கார்களை வாங்கவும் விற்கவும் இடையில் நின்று முடித்துத் தரும் தொழில் அவருக்கு. காலையில் கடலூர், மதியம் சிதம்பரம், சாயங்காலம் எவனாவது கூப்பிட்ட ஊர். வீடு புவனகிரியில், ஆனால் வீட்டில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. இத்தனை கார் கைமாற்றியவருக்குச் சொந்தமாக ஒரு கார் கிடையாது. பஸ்ஸில்தான் போவார். இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார், படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரே வரும் ஒவ்வொரு வண்டியின் நம்பரையும் முணுமுணுத்தபடி நிற்பார். கொட்டகையில் டீ சொல்வார். டீ வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னொரு டீ சொல்லு" என்பார். நாற்காலியில் அமர்ந்திருக்கும் அபூர்வமான நேரங்களில் வலது கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும், ஆக்சிலேட்டரை மிதிப்பது போல.

வண்டி பார்க்கும் விதமும் அவருக்குத் தனி. கூட வரும் மெக்கானிக்குகள் நேராகப் போய் இன்ஜினைத் திறப்பார்கள். உத்திராபதி டிரைவர் சீட்டுப் பக்கம் போய் சீட் பெல்ட்டைப் பிடித்து, அது இனி வராது என்று நிற்கும்வரை இழுப்பார். "சீட்ட கழட்டிக் காய வெக்கிறான். கார்ப்பெட்ட மாத்துறான். பெயின்ட்ட அடிக்கிறான். பெல்ட்டு உள்ள சுத்திக்கினு கெடக்குது பாரு, அத எவனும் கவனிக்கிறதில்ல. வெள்ளத்துல நின்ன வண்டின்னா அங்க ஒரு கோடு இருக்கும்." மழைக்காலம் வந்தால் பெண்ணையாறும் கெடிலமும் ஊருக்குள் புகுந்துவிடுகிற மாவட்டத்தில் இந்த ஒரு வித்தை போதும், பிழைத்துக்கொள்ளலாம்.

புத்தகம் அவரிடம் வந்தது ஒரு காரோடு. செந்தமிழ்செல்வன் என்று கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர், குடும்பத்தோடு கனடாவுக்குக் கிளம்பும்போது காரை விற்றுக் கொடுக்கச் சொல்லிச் சாவியைத் தந்தார். டிக்கியைத் திறந்தால் புத்தகம். பெட்டியில் எடை தாங்காதென்று விட்டுவிட்டார். "நானூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல அச்சடிச்ச பைபிள். அதோட ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து, அப்படியே திருப்பி அச்சடிச்சி, தோல்ல பைண்டிங் பண்ணது. வச்சிக்குங்க, வந்து வாங்கிக்கிறேன்" என்றார். வரவில்லை. ஆனால் போன் வரும். காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். "புத்தகம் பத்திரமா இருக்கா? பூச்சி அரிக்கலையே?" என்பதே கேள்வி. அங்கே விடியாத நேரமாக இருக்கும், தூங்காத குரலாக இருக்கும்.

"அச்சடிச்ச பூச்சியத் தவிர வேற பூச்சி இல்ல சார்" என்பார் இவர்.

அது உண்மை. அசல் புத்தகத்தில் எந்தக் காலத்திலோ புழு துளைத்த ஓட்டைகள், எவர் வீட்டிலோ ஒழுகிய மழையின் கறை, எவனோ ஓரத்தில் கிறுக்கிய மசி எல்லாம் நகலிலும் அச்சாகி இருக்கின்றன. வந்த புதிதில் உத்திராபதி அந்தக் கறையைப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில், மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைக்கப் போனார். எழுத்து மங்கியது, கறை போகவில்லை. புழு ஓட்டையில் வசம்புப் பொடி போட்டார், பொடி வழிந்து மேசையில் கொட்டியது. குண்டூசியால் குத்திப் பார்த்தபோதுதான் ஓட்டையே இல்லை என்று விளங்கிற்று. அன்று சாயங்காலம் முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகும் அந்தப் பக்கம் திறந்தால் கட்டைவிரல் கறையைத் தேடிப் போகும். தொடுமுன் இழுத்துக்கொள்வார்.

சத்தியம் வாங்கும் வழக்கம் தற்செயலாக ஆரம்பித்தது. கம்மாபுரத்துக்காரன் சுப்புராயன், சுரங்க வேலைக்கு ஓட்டிய ஜீப்பை விற்க வந்தவன், "மாமா, ஒரே ஓனர். பொத்திப் பொத்தி வச்சிருந்த வண்டி" என்று பேசிக்கொண்டே மேசையில் கையை ஊன்றினான். கை புத்தகத்தின்மேல் விழுந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்தான், திறந்தான், எறும்புச் சாரி மாதிரி கறுப்பாக ஊர்ந்த எழுத்துகளைப் பார்த்தான்.

"இது என்னா மாமா?"

"வெள்ளக்காரன் வேதம். நானூறு வருஷத்துப் புத்தகம்."

சுப்புராயன் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் வெளியே வேடிக்கை பார்த்தான். பிறகு, "மீட்டர மட்டும் கொஞ்சம் கொறைச்சி வச்சிருக்கேன் மாமா" என்றான்.

அன்றிலிருந்து மேசையில் நிரந்தரமாகிவிட்டது புத்தகம். சபைக்குப் போகிறவர்கள் பயபக்தியோடு கை வைத்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். நெற்றி நிறைய விபூதியோடு வந்தவர்கள் அவர்களைவிட அதிகமாக நடுங்கினார்கள். "நம்ம சாமின்னா கால்ல வுழுந்து சமாதானம் பண்ணிக்கலாம். இது என்னா கேக்கும், எப்பிடி கேக்கும்னு தெரியாது பாரு. புரியாத சாமிக்குத்தான் பயம் ஜாஸ்தி" என்பது அவர் கண்ட தத்துவம்.

ஆனால் அவர் தொட்டதில்லை. பாலிஷ் போடும்போதும் துணி, தூக்கும்போதும் துண்டு, பக்கம் திருப்பும்போது நகத்தின் நுனி. பார்ப்பவர்கள் மரியாதை என்று நினைக்கிறார்கள். மனைவி கொளஞ்சியம்மாள் அப்படி நினைக்கவில்லை. ஒருமுறை கொட்டகைக்கு வந்தவள், துண்டைத் தேடி அவர் அலைவதைப் பார்த்துவிட்டு, "ஊருல உள்ளவன் கையெல்லாம் புடிச்சி வெக்கிறீங்களே, ஒங்க கை என்னா கொதிக்குதா?" என்றாள். அவர் யாருக்கோ போன் பண்ணுவது போல வெளியே போனார்.

தரகருக்குச் சத்தியம் தேவையில்லை என்பது அவர் கணக்கு. விற்கிறவன் ஒருத்தன், வாங்குகிறவன் ஒருத்தன், நடுவில் நிற்பவன் வெறும் காற்று. வெள்ளைக் கார் வரும்வரை இந்த நியாயம் ஓடியது.

கடலூரில் பெண்ணையாற்றுத் தண்ணீர் நகர்களுக்குள் ஏறிய மழையில், ஒரு வீட்டு வாசலில் கண்ணாடி மட்டத்துக்கு மூழ்கி நின்ற கார் அது. மலிவாகக் கிடைக்கிறதென்று ஆசை பிடித்து, முதன்முறையாகத் தன் பணத்தையே போட்டு வாங்கிவிட்டார். சீட்டைக் கழற்றிக் காயவைத்தார். கார்ப்பெட் மாற்றினார். வாடை போக உள்ளே தினம் சாம்பிராணி போட்டார். இன்ஜினும் ஓடியது. ஆனால் தண்ணீர் குடித்த வண்டியின் குணம் அவருக்குத் தெரியும்: வயருக்குள் களிம்பு பிடித்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் ஓடும் ஓட்டத்தில் லைட்டும் ஸ்டியரிங்கும் சேர்ந்து செத்துவிடும். அந்த வண்டி வந்ததிலிருந்து அவர் டீயைக் குடிப்பதுகூட இல்லை. ஐப்பசி மழை பிறக்குமுன் வண்டி கைமாறிப் போய்விட வேண்டும் என்று கொட்டகைக்கும் சாலைக்குமாக நடந்தார். வெள்ளைக் காரைக் கடக்கும்போது மட்டும் நடை வேகமாகும்.

வாங்க வந்தவர் ஜான்சி டீச்சர். கடலூரில் பள்ளிக்கூடத்து ஆங்கில ஆசிரியை. மகள் இளமதிக்குச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை, டூட்டி முடிந்து கடலூர் திரும்ப நேரங்கெட்ட நேரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று கார். இளமதி வந்ததும் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைத் திருப்பினாள், ஹாரன் அடித்துப் பார்த்தாள்.

"அம்மா, இதுவே போதும்மா. வேற பாக்க வேணாம்."

டீச்சர் ஜன்னல் வழியாக மூக்கை நுழைத்தார். "என்னா அண்ணே, காருக்குள்ள கோயில் வாசன வருது?"

"வெள்ளிக்கெழம இல்லியா டீச்சர்."

"இன்னிக்குச் செவ்வாக்கெழம."

உத்திராபதி அசட்டுச் சிரிப்போடு உள்ளே அழைத்துப் போய் நாற்காலி போட்டார். டீச்சரின் கண் மேசையில் நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார், வெறுங்கையால். எறும்புச் சாரி எழுத்தை வாய்க்குள் சரளமாகப் படித்துக்கொண்டு போனவர், கறைப் பக்கத்தில் நிறுத்தி விரலால் தடவினார்.

"இது நகலு. தெரியும்ல ஒங்களுக்கு?"

"தெரியும் டீச்சர்."

"நானூறு வருஷத்துப் புத்தகம்னு சொல்றீங்களாமே. எங்க சபையில ஒருத்தர் பயந்துபோயி வந்து சொன்னாரு."

"புத்தகம் நானூறு வருஷம்தான டீச்சர். இந்த அட்ட நானூறு வருஷம்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல."

டீச்சர் சிரித்துவிட்டார். "வண்டியப் பத்தியும் இப்பிடித்தான் பேசுவீங்க போல." பிறகு வெளியே எட்டிப் பார்த்தார். "ஓனர் யாரு? வரச் சொல்லுங்க. சத்தியம் வாங்கித்தான் குடுப்பீங்களாமே, எனக்கும் வாங்கிக் குடுங்க."

உத்திராபதியின் வலது கால் ஆட்டத்தை நிறுத்தியது.

"ஓனரு... நான்தான்."

"அப்ப சரி. கைய வைங்க."

அவர் துண்டைத் தேடினார். தோளில்தான் கிடந்தது. போனை எடுத்துப் பார்த்தார், யாரும் கூப்பிடவில்லை. "நகலுல சத்தியம் பண்ணி என்னாத்துக்கு டீச்சர்" என்றார்.

"காகிதந்தான் நகலு. உள்ள இருக்குற வார்த்த எங்க வீட்டுப் புத்தகத்துல இருக்குற அதே வார்த்ததான்." டீச்சர் குரலை உயர்த்தவில்லை, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வைக்கும் அதே அளவான குரல். "இளமதிக்கு அப்பா இல்ல. எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. இருட்டுல அவ ஒருத்தியாத்தான் ஓட்டிக்கினு வரணும், புதுச்சத்திரம் தாண்டி ஒரு எடத்துல வெளக்குகூட கெடையாது. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன் அண்ணே. இது தண்ணியில நின்ன வண்டியா?"

வெளியே இளமதி மறுபடியும் ஹாரன் அடித்தாள், சும்மா, சந்தோஷத்துக்கு.

உத்திராபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்தார். திறந்து கிடந்த பக்கத்தில் அந்தக் கறை, நனையாமலேயே நனைந்த மாதிரி விரிந்திருந்தது. கை அதன்மேல் போனது. ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. இல்லை என்று ஒரு வார்த்தை. ஐப்பசிக்கு முன் வண்டி போய்விடும், இவரும் பழையபடி பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். டீச்சர் கையைப் பார்க்கவில்லை. அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்திராபதி எச்சில் விழுங்கினார்.

எழுந்தார். வெளியே நடந்தார். டீச்சர் பின்னாலேயே வந்தார். வெள்ளைக் காரின் கதவைத் திறந்தபோது இளமதி, "அங்கிள், ஏசி போட்டுக் காட்டுங்க" என்றாள். அவர் அவள் தோளுக்குப் பின்னால் கையை நீட்டி சீட் பெல்ட்டைப் பற்றி இழுத்தார். அவள் மாட்டிவிடுகிறார் என்று நினைத்து ஒதுங்கிக் கொடுத்தாள். பெல்ட் அவள் மடிமேல் வந்துகொண்டே இருந்தது. இனி வராது என்று அது நின்ற இடத்தில், கறுப்புப் பட்டையின் கடைசி முழத்தில், ஆற்று வண்டலின் செம்பழுப்புக் கோடு ஒன்று காய்ந்து கிடந்தது. உத்திராபதி அதை இரண்டு கையிலும் ஏந்தி, டீச்சர் பக்கமாக நீட்டினார். துண்டு தோளிலேயே கிடந்தது.