மூலை வெட்டிய அட்டைகள்

என் அம்மப்பாவை முதியோர் இல்லத்துக்கு அனுப்பியது நான்தான். வீட்டில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. சீனி வருத்தம் என்பார்கள், வயது என்பார்கள், மாமாவின் பிடிவாதம் என்பார்கள். எல்லாம் என் மனம் நோகக்கூடாது என்று சொல்லும் கதை.

அம்மம்மா இறந்த பிறகு அவர் இங்கே கனடாவில், வோபர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் பதினோராம் தளத்தில் தனியாக இருந்தார். அஜின்கோர்ட்டில் எங்களோடு வந்திருக்கும்படி அம்மா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். மகள் வீட்டில் தேத்தண்ணிக்கு வாய் பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் ஏலாது என்றுவிட்டார் மனுசன். அவருடைய மகன், என் மாமா, முதியோர் இல்லக் கதையைத் தொடங்கினார். இழுபறிப்பட்டு மூவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சீனி வருத்தம் கண்ணைத் தொடாமல், கண் தெரியும் வரைக்கும் அவர் தன் வீட்டிலேயே இருக்கலாம். கண் போனால் இல்லம், மறுபேச்சில்லை.

கண் நன்றாகத் தெரிகிறது என்பதற்கு எங்களிடம் இருந்த சாட்சி அவர் சேர்த்துவைத்த, ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்போல் அட்டைகள்.

கனடாவுக்கு வந்த புதிதில் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தார். ஒரு மேசைக்கு அடியில் கிடந்த முதல் அட்டையை அலுவலகத்தில் கொடுத்தாராம். ஒருவரும் தேடி வராததால் அவர்களே அதை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். கோடை முழுக்க, வீட்டு முற்றங்களில் பழைய சாமான் பரப்பி விற்கும் யார்ட் சேல் யார்ட் சேலாக நடப்பார். விளையாட்டின் சட்டம் பாதிதான் தெரியும். "உது எங்கட எல்லே தானே, தொப்பியைப் போட்டால் வேற விளையாட்டே" என்று ஊரில் தடியால் பந்தடித்து ஓடும் விளையாட்டைச் சொல்வார். அவர் எந்த அணியின் பக்கமும் இல்லை. அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பிறந்த ஊரும் உயரமும் எத்தனை வருடம் விளையாடினான் என்பதும்தான் அவருக்கு வேண்டும். ஒரே ஒரு வருடம் விளையாடிவிட்டுக் காணாமல்போன ஆட்களில்தான் அவருக்கு உருக்கம். பேர் பெற்றவர்களை அநேகமாக மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போவோம். மாமா அட்டைகள் இருக்கும் சப்பாத்துப் பெட்டிக்குள் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்து நீட்டுவார். அம்மப்பா அதை வாங்கி, யன்னல் பக்கம் திரும்பிப் பிடித்து, கொஞ்சம் தடவிவிட்டு ஆளைச் சொல்வார். ஊரையும் சொல்வார். ஒருநாளும் பிழைத்ததில்லை. அம்மா பெருமையோடு மாமாவைப் பார்ப்பார். மாமா அட்டையைத் திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் வைப்பார். அடுத்த ஞாயிறு வரைக்கும் அம்மப்பாவுக்கு வீடு உறுதி.

இனி என் கெட்டித்தனத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பெறுமதியான எதையும் லமினேற் செய்து வைப்பதுதான் வழக்கம். ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து ஓடியபோது அம்மாவின் சான்றிதழ்கள் மழையில் ஊறிக் கூழாகிப்போயின. தான் பிறந்ததை நிரூபிக்கவே அவர் வருடக்கணக்கில் அலைந்திருக்கிறார். அதனால் இங்கே வந்ததும் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், என் முதல் வகுப்பு றிப்போட் வரைக்கும் பிளாஸ்ரிக்குக்குள் போட்டுவிட்டார். எங்களுக்கு அன்பு காட்டத் தெரிந்த வழி அது. நான் ஒரு பல்வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். அங்கே லமினேற் மெஷின் இருக்கிறது. அம்மப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு வேறென்ன பரிசு கொடுப்பேன்?

பெட்டியைக் கேட்டபோது அவர் விரும்பவில்லை. புதுப் பெட்டிக்கு மாற்றித் தருகிறேன் என்று பொய் சொன்னேன்.

"ஒழுங்கை மட்டும் மாத்திப் போடாத பிள்ளை," என்றார்.

மாற்றினேன். இருநூறுக்கு மேற்பட்ட அட்டைகள். நான்கு நான்காகத் தாளில் அடுக்க வசதியாகக் கலந்துபோட்டேன். றப்பர் பாண்ட் இறுக்கி ஓரம் பள்ளமான அட்டைகள், தேத்தண்ணி பட்டுப் பொருக்குத் தட்டிய அட்டைகள், மூலை மடிந்த அட்டைகள், எல்லாம் சூடான பிளாஸ்ரிக்குக்குள் போய் ஒரே வழவழப்பாக வந்தன. மூலை அவர் விரலில் குத்தக்கூடாதென்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி வளைத்தும் வெட்டினேன். மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தை இதற்குச் செலவழித்தேன். அவ்வளவு சந்தோசமாகச் செய்தேன்.

பிறந்தநாள் எங்கள் வீட்டில் நடந்தது. கேக் வெட்டியதும் பெட்டியை அவர் மடியில் வைத்தேன். உள்ளே விட்ட கை அப்படியே நின்றது. ஒன்றை எடுத்தார். பெருவிரல் மூலையைத் தேடியது. அந்த மூலை இல்லை. "பிளாஸ்ரிக் மினுங்குது," என்று சிரித்துவிட்டுத் திரும்ப வைத்தார். நாங்களும் சிரித்தோம். மாமா வழக்கம்போல ஒன்றை எடுத்து, தானும் பார்க்காமல் நீட்டினார். அம்மப்பா யன்னல் பக்கம் திரும்பினார். தூக்கிப் பிடித்தார். கனநேரம் தடவினார்.

"உவன் பந்தெறியிறவன். இடக்கையன். ஒரு வருசம்தான் விளையாடினவன், பாவம்," என்றார்.

அவர் கையில் இருந்தது அம்மம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை. அதைப் பெட்டியின் அடியில் வைத்திருந்திருக்கிறார். நானும் கவனிக்காமல் கும்பலோடு கும்பலாக மெஷினுக்குள் விட்டிருக்கிறேன். சேலை கட்டிய அம்மம்மாவின் முகம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா அதை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். நாங்களும் ஒவ்வொருவராக எழும்பிப் போனோம். அதற்குப் பிறகு இல்லத்துக்காக மாமா வாதாடவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்த கிழமை, ஓர் அட்டையின் பழைய ஓரத்தையாவது மீட்டுவிடலாமென்று பிளாஸ்ரிக்கை உரித்துப் பார்த்தேன். ஆளின் முகம் பிளாஸ்ரிக்கோடு கழன்று வந்தது. பனிக்காலம் தொடங்குமுன் இல்லத்தில் இடம் கிடைத்தது. வோபர்ன் வீட்டைச் சாமான் ஒழித்துத் துடைத்து, கதவைப் பூட்டித் திறப்பைக் கொடுத்தோம்.

இல்லத்தில் வைத்துத்தான் எனக்கு உண்மையைச் சொன்னார். இரண்டு வருடமாகவே வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியாதாம். விரல்தான் கண்ணாம். லிப்ற்றுக்கு எத்தனை அடி, அடுப்புக்கு எத்தனை அடி என்று எல்லாம் அவருக்குப் பாடம். விழுந்ததுமில்லை, எதையும் எரித்ததுமில்லை. சொல்லும்போது அவருக்கு என்னில் ஒரு கோபமும் இல்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டார். "அண்டைக்கு ஏன் எல்லாரும் பேசாமல் போனியள்? நான் ஆரைப் பிழையாச் சொன்னனான்?"

உண்மை வாய்வரைக்கும் வந்தது. மனைவியைத் தடவிப் பார்த்து இடக்கையன் என்றீர்கள் என்று எப்படிச் சொல்வது? அந்த ஒன்றையாவது அவருக்கு மிச்சம் வைக்கவேண்டும் என்று நினைத்தேன்.

"அது பந்து பிடிக்கிற ஆள், அம்மப்பா. நீங்கள் எறியிறவன் எண்டிட்டியள்."

அவர் கட்டில் சட்டத்தை மூலை வரைக்கும் தடவினார்.

"ஒரு காட் பிழைச்சதுக்கோ என்னைக் கொண்டந்து விட்டவை? கொம்மாவும் அதுக்கு ஓம் எண்டவவோ?"

"ஓம், அம்மாவும்தான்," என்றேன்.

அதற்குப் பிறகு அம்மா சோறு கொண்டுபோகும் நாட்களில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஊட்டினால் சாப்பிடுவார், கதைக்கமாட்டார். மாசியில் இறந்துபோனார். கடைசிக் காலத்தில் அப்பா ஏன் தன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்று அம்மா இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார். தெரியாது என்கிறேன்.