ஐஸ் மெஷினைச் சந்தேகித்தவர்

எங்கள் தெருவில் 'செக்கிங்' என்று அழைக்கப்படுபவர் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். "டிக்கெட் எடுத்துட்டேன் சார்" என்பதைக் கேட்டுக் கேட்டு, உலகில் எவர் சொல்வதையும் நம்புவதில்லை என்ற முடிவுக்கு வந்தவர். கடிகாரம் மணி அடித்தால்கூட இன்னொரு கடிகாரத்தை விசாரிப்பார். இந்தக் குணத்தால் வீட்டில் அவர் திறந்து பார்த்த சாமான்கள் பல. திரும்ப மூடியவை சில.

ஆகவே ஐஸ் மெஷின் நின்றபோது அவர் மனைவி முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இதையும் பாழாக்கினீங்கன்னா டூல் பாக்ஸ் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடும்."

அண்ணன் இருப்பது மாடியில். ஆயுதங்களை மச்சானிடம் ஒப்படைப்பதைவிடப் பெரிய அவமானம் செக்கிங்குக்குத் தெரிந்து கிடையாது.

மெஷினில் 'ஐஸ் நிரம்பிவிட்டது' விளக்கு எரிந்தது. தட்டிலோ பொட்டு ஈரமில்லை. பொய் சொல்வது யார்? தட்டின் ஓரத்தில் ஒரு சென்சார் இருக்கிறது. ஐஸ் மேலே பட்டுக் குளிர்ந்ததும் "போதும்" என்று தகவல் கொடுப்பது அதன் உத்தியோகம். அதைக் கழற்றி, மின் அளவு காட்டும் மல்டிமீட்டரில் இணைத்து, உள்ளங்கையில் பொத்திப் பிடித்தார். சூடு பட்டால் மாற வேண்டிய எண் அசையவில்லை. வேறு யாராவது என்றால் அத்தோடு குப்பையில் போட்டிருப்பார்கள். செக்கிங் ஒருமுறை கேட்டதோடு யாரையும் இறக்கிவிட்டவரில்லை. சூட்டில் விசாரித்தாயிற்று, குளிரிலும் விசாரிக்க வேண்டும். அதற்கு ஐஸ் வேண்டும். அது இல்லாமல்தானே இத்தனை பாடு!

கிண்ணத்தோடு மாடி ஏறினார்.

"என்ன மாப்ளே, ஐஸ் மெஷின் வச்சிருக்கிறவரே ஐஸ் கேட்டு வர்றீங்க?" மச்சானுக்கு வாயெல்லாம் பல்.

"விசாரணைக்கு, மச்சான்."

"ஜூஸுக்குன்னு சொல்லியிருந்தா கொஞ்சம் மரியாதையா இருந்திருக்கும்."

கிண்டல் முடிவதற்குள் கிண்ணத்தில் பாதி தண்ணீராகிவிட்டது. அதுவும் நல்லதாகப் போயிற்று. சென்சாரை முக்க ஐஸ் தண்ணீர்தான் தோது. வேடிக்கை பார்க்க மச்சானும் கூடவே இறங்கி வந்தார்.

முக்கியும் அதே எண். கையிலும் அதுதான், ஐஸிலும் அதுதான்.

"செத்துப்போச்சு," என்றார் செக்கிங், மிகுந்த திருப்தியோடு.

கடைக்குப் போய்ப் புது சென்சார் வாங்கிவந்து மாட்டினார். விளக்கு அணைந்தது, சற்று நேரத்தில் டப்பென்று ஐஸ் விழுந்தது. மனைவி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் குதப்பிவிட்டு, "சரி, பெட்டி இங்கயே இருக்கட்டும்," என்றார்.

மச்சான் தொண்டையைக் கனைத்தார். "மாப்ளே, எங்க வீட்டு ஃபேன் கொஞ்ச நாளா முனகுது. ஒரு தடவ வந்து பாத்தீங்கன்னா..."

"நல்லா யோசிச்சுக்கண்ணே," என்றார் தங்கை. "ராத்திரி உனக்குக் காத்து வேணுமா, வேணாமா?"