யாரும் பார்க்காத ஸ்பிரிங்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் "ஸ்பிரிங் அக்கா"தான். கார்பன் நானோகுழாய்களை முறுக்கி ஒரு ஸ்பிரிங் செய்தால் அது எவ்வளவு வளையும், எங்கே முறியும் என்று கணினியில் முதலில் செய்து பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவள் கணக்கை வைத்துத்தான் அடுத்த அறையில் நிஜ ஸ்பிரிங்கைக் கட்டுவார்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே இருபது ஸ்பிரிங்கை வரிசையாக வைக்கலாம். பஸ் ஓட்டும் அவள் கணவருக்குக் கேலி செய்ய இது நல்ல வசதி. "ஜலதோஷக்காரன் பக்கம் போயிடாதே. ஒரு தும்மல்ல உன் சம்பாத்தியமெல்லாம் பறந்துடும்" என்பார்.

அந்த வாரம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டியதிலேயே அழகான ஸ்பிரிங்கை ஊசிமுனையால் அழுத்தி அளந்திருந்தார்கள். அவள் சொன்னதைவிட இரண்டு மடங்கு விறைப்பாக இருந்தது.

கூடத்தின் தலைவி சுற்றி வளைக்கவில்லை. "கணக்கும் அளவும் ஒட்டலைம்மா. திங்கட்கிழமை கூட்டத்துக்குள்ள காரணம் தெரியலைன்னா, இந்த வடிவத்தை மூட்டை கட்டிடுவோம்."

இரண்டு வருட உழைப்பு. கணக்கைக் குடைந்து குடைந்து பார்த்தாள். ஓட்டை எதுவும் அகப்படவில்லை. கடைசியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் அறைக்குப் போனாள். அந்தக் கருவியை இயக்கும் அண்ணன் அங்கே இருந்தார்.

"அண்ணே, அளக்கக் கொடுத்த ஸ்பிரிங்கை அதுக்கு முன்னாடி இதுல வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேனான்னு கேக்கிறியா? அது நம்ம வீட்டு மாப்பிள்ளையாச்சே! வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுவேன். போன வாரம் ஒரு பஸ் நிறைய காலேஜ் பிள்ளைங்க வந்தாங்க."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். எலக்ட்ரான் கற்றை விழும் இடத்தில், கருவிக்குள் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசை கரியாகிப் படியும். மற்ற பொருளுக்கு அது வெறும் தூசு. இவ்வளவு மெல்லிய ஸ்பிரிங்குக்கோ அது கம்பளிச் சட்டை. பார்க்கப் பார்க்கத் தடித்து, விறைத்துப் போயிருக்கிறது.

"அப்போ என் கண்ணுதான் பட்டுடுச்சுங்கிறே?"

"எனக்கும் பங்கு இருக்குண்ணே. தினம் காப்பி குடிச்ச கையோட வந்து எட்டிப் பாத்தது நான்தானே?"

மைக்ராஸ்கோப்பில் ஏறாத ஸ்பிரிங் இரண்டே இரண்டு மிஞ்சியிருந்தன. இருட்டில் சுவிட்சைத் தேடுவதுபோல, அதே அறையில் இருந்த அளவுக் கருவியின் ஊசிமுனையால் வருடித்தான் அவை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். முதலாவதின்மேல் ஊசி கொஞ்சம் வேகமாக இறங்கிவிட்டது. முறிந்தது. இரண்டாவதற்கு அவளே உட்கார்ந்தாள். அண்ணன் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"உக்காருங்கண்ணே, தரை அதிருது."

உட்கார்ந்தார்.

ஊசி அழுத்தியது, ஸ்பிரிங் வளைந்தது. திரையில் ஏறிய கோடு அவள் கணக்கின் கோட்டை ஒட்டியே போனது. கடைசியில் மட்டும் லேசாக விலகியது. தகவல் கேட்டு வந்த தலைவி இரண்டு கோட்டையும் நெடுநேரம் பார்த்தாள்.

"சரி, இந்த வடிவத்துலயே ஸ்பிரிங் கட்டுங்க. ஆனா இனிமே அளந்த பிறகுதான் மைக்ராஸ்கோப்."

தலைவி வெளியே போனதும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "அளந்தாச்சில்ல? இப்பவாவது ஒரு தடவை பாத்துக்கட்டுமா?"

அவள் நாற்காலியை மைக்ராஸ்கோப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சீக்கிரம் போடுங்கண்ணே."