இங்கிலீஷில் போட்ட சண்டைகள்

கல்யாணமான புதிதில் என் கணவர் ஒரு யோசனை சொன்னார். "இனிமே நாம சண்டை போடறதா இருந்தா இங்கிலீஷ்லயே போட்டுக்கலாம்." நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

காரணம் அத்தை, அதாவது என் மாமியார். திருத்தணியில் எங்கள் வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அத்தைக்கு பிரஷர். டென்ஷனே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அடக்கிப் பேச வராது. தமிழில் கத்தினால் அத்தைக்குப் புரியும். தெலுங்கில் முணுமுணுத்தாலும் புரியும். அவர்கள் வீட்டில் சோறு கேட்பது தமிழில், கோபித்துக்கொள்வது தெலுங்கில். மிச்சமிருந்தது இங்கிலீஷ்தான்.

என் கணவர் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவருடைய இங்கிலீஷ் முழுக்க மீட்டிங்கில் பிடித்தது. ஈரத் துண்டை ஏன் கட்டில்மேல் போட்டீர்கள் என்று கேட்டால், "லெட் அஸ் ஃபைன்ட் த ரூட் காஸ்" என்பார். நான் தமிழ் மீடியம். "ஹவ் டேர் யூ", "மைண்ட் யுவர் டங்" என்று டிவியில் கேட்ட இரண்டு மூன்றுக்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. குத்திக்காட்டாதீர்கள் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று பாதிச் சண்டையில் யோசித்து நிற்பேன். அதற்குள் கோபம் ஆறிவிடும். ஒரு லாபமும் இருந்தது. தமிழில் எவ்வளவு கோபம் வந்தாலும் அவரை 'நீங்க' என்றுதான் திட்ட வேண்டும். இங்கிலீஷில் 'யூ' என்று நேராக விரலை நீட்டலாம். அந்த 'யூ'வுக்காகவே சில சண்டைகளை ஆரம்பித்திருக்கிறேன்.

அதற்குச் சண்டை என்ற பெயர்கூட நாங்கள் வைக்கவில்லை. இப்போதெல்லாம் யார்தான் வைக்கிறார்கள்? பக்கத்து வீட்டில் பாத்திரம் பறந்தால் அது 'சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்'. அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனால் 'கொஞ்சம் இஷ்யூ'. எங்களுடையது 'டிஸ்கஷன்'. அத்தை கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். நாங்கள் அவர் தலைக்குமேல் டிஸ்கஷன் செய்வோம். அவர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். திட்டம் பலித்துவிட்டது என்று எங்களுக்கு ஒரே பெருமை.

அடுத்த ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணியில் வீடு இருந்தால் கிருத்திகைக்குக் கிருத்திகை சொந்தக்காரர்கள் வந்து குளித்து, சாப்பிட்டு, மலையேறுவார்கள். அது பழகிப்போனது. அந்தத் தடவை இவர் தன் கம்பெனி நண்பர்களையும் குடும்பத்தோடு கூப்பிட்டுவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். எல்லோரும் போன பிறகு நடந்த டிஸ்கஷன் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் அத்தை பையோடு நின்றார். மகள் வீட்டுக்குப் போகிறாராம், பள்ளிப்பட்டுக்கு. "எப்ப வருவீங்க அத்தை?" என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். போனில் பேசினால் "நல்லாத்தான் கீறேன்" என்று வைத்துவிடுவார். ஒரு வாரம் கழித்து நாத்தனார் தன் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அம்மா இங்கயே இருந்துடறேன்னு அழுவுதுடா. அங்க இன்னா நடந்துச்சு?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியில் கிளம்பினோம். என்ன தப்பு செய்தோம் என்று வழியெல்லாம் யோசித்தேன், பிடிபடவில்லை. பள்ளிப்பட்டில் அத்தை எங்களை உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார், பிறகு நிதானமாகக் கேட்டார்.

"வூட்ல மூணு பேரு. ரெண்டு பேருக்கு இங்கிலீஷ் தெரியும். தெரியாதவ நான் ஒருத்திதான். அப்ப யாருக்குத் தெரியக்கூடாதுன்னு வருசம் பூரா பேசிக்கினு இருந்தீங்க? என்னைப் பத்தித்தானே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்த டென்ஷன் வரக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டோமோ, அதை அத்தை கீரையோடு கீரையாகத் தினமும் ஆய்ந்திருக்கிறார். மாத்திரைக்குத்தான் சைட் எஃபெக்ட் உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"ஐயோ, உங்களைப் பத்தி இல்லீங்க அத்தை. ஈரத் துண்டு, டிவி சத்தம், அதுமாதிரிதான்."

"ஈரத் துண்டுக்கா அம்மாம் நேரம் இங்கிலீஷு?" அத்தை நம்பவில்லை. நாங்கள் சத்தியம் செய்ததையும் நம்பவில்லை.

கடைசியில் கணவர் எழுந்தார். "கிருத்திகை அன்னைக்குப் போட்ட சண்டைய அப்படியே தமிழ்ல போட்டுக் காட்டறோம். கேட்டுட்டு நீயே சொல்லும்மா."

பள்ளிக்கூட நாடகம் மாதிரி ஆரம்பித்தோம். "என்னைக் கேக்காம எப்படிக் கூப்டலாம் நீங்க?" என்று ஒப்பித்தேன். "சொல்ல மறந்துட்டேன்" என்று அவர் ஒப்பித்தார். அத்தையும் நாத்தனாரும் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அவர், "நீ மட்டும் உங்க சித்தி குடும்பத்தையே வரச்சொன்னியே, என்னைக் கேட்டியா?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இதை அன்னைக்கு நீங்க சொல்லவே இல்லையே!"

"அன்னைக்கு இங்கிலீஷ்ல வரல!"

அதற்குப் பிறகு நாடகம் இல்லை, நிஜம். துண்டு, டிவி, சித்தி, எல்லாம் வந்தது. நாத்தனாரின் கணவர் வாசலிலிருந்து பதறி ஓடிவந்தார். "ஒண்ணுமில்ல பாவா, அம்மாவுக்குக் காட்டிக்கினு இருக்கோம்" என்று அவரை உட்காரவைத்துவிட்டு இவர் தொடர்ந்தார். பார்த்தால் அத்தை முந்தானையை வாயில் வைத்துச் சிரிக்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"அவ சொல்றதுதான்டா சரி" என்றார் மகனிடம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மாமா இருந்தவரைக்கும் எனக்கும் அவருக்கும் தினம் ஒரு சண்டை. அவரு போனப்புறம் என்கூட சண்டை போட ஆளே இல்ல. எல்லாரும் நோயாளிகிட்ட பேசற மாதிரி மெதுவா பேசறாங்க. நீங்களாவது எனக்குப் புரியற மாதிரி போட்டுக்கங்கம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவரைத் தனியாக வண்டியில் அனுப்பிவிட்டு, நானும் அத்தையும் பஸ்ஸில் வந்தோம். பையை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

போன கிருத்திகைக்குப் புளியோதரை கிளறும்போது பெருங்காயம் போதாது என்றார் அத்தை. போதும் என்றேன். மாமியாரை எதிர்த்து நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவரும் விடவில்லை. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்குக்குப் போய்த் திரும்பி வந்தோம். முகமெல்லாம் களையாக இருந்தது அவருக்கு. குளித்துவிட்டு வந்த கணவர் இடையில் நின்று, "ப்ளீஸ், நோ ஆர்க்யூமென்ட்ஸ்" என்றார்.

இருவரும் அவர் பக்கம் திரும்பினோம்.

"தமிழ்ல பேசுடா" என்றார் அத்தை.

"அந்தத் துண்டை எங்க போடப் போறீங்க?" என்றேன் நான்.