பாக்கியம் மிஸியின் சைக்கிள்

எங்கள் ஆஸ்பத்திரித் தாதி பாக்கியம் மிஸி போய்விட்டார் என்ற செய்தியை வட்டக்கச்சிக்குக் கொண்டுவந்தவர் சங்கக்கடை மனேச்சர். மாரடைப்பாம். கடை வாசலில் நின்று துவாயால் கண்ணைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. செத்தவீட்டில் "மிஸி எங்கட தெய்வமெல்லோ" என்று அழுத வாய்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவை உங்களுடைய வாய்கள்தான்.

சண்டை ஓய்ந்த சமாதான காலத்தில், வெளியூர்ப் பாதை திறந்த பிறகு, எச்.ஐ.வி. சோதனைப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மிஸி வீடு வீடாக வந்தார். விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தால் போதும், வீட்டிலேயே பார்த்துவிடலாம். நீங்கள் என்ன செய்தீர்கள்? சைக்கிள் எந்த வீட்டு வாசல் படலையில் நிற்கிறது என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தீர்கள். "அந்த எயிட்ஸ் வருத்தம் தொத்தும். மிஸி போற வீட்டில தண்ணியும் குடியாதேங்கோ" என்று மனேச்சர் சொல்ல, படித்தவர்களும் தலையாட்டினீர்கள்.

மிஸி கோபிக்கவில்லை. அடுத்த கிழமை முழுக்கச் சைக்கிளை மனேச்சரின் படலையில் சாத்திவிட்டு, அவர் மனைவியோடு தேத்தண்ணீர் குடித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். சங்கக்கடைக்குச் சீனி வாங்கக்கூட ஆள் போகவில்லை. மனேச்சர் ஓடிவந்தார்.

"மிஸி, சைக்கிளை வேற எங்கயாவது விடுங்கோ."

"ஏன் மனேச்சர், சைக்கிளுக்கும் வருத்தமோ?"

அதற்குப் பிறகு அது எல்லார் படலையிலும் நின்றது. எந்த வீட்டுக்கு எதற்காகப் போகிறார் என்பது ஊருக்குப் பிடிபடவில்லை. அப்படித்தான் என்னிடமும் வந்தார்.

நான் குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்த நேரம். அங்கே எனக்கு நடந்ததை அவரிடம் மட்டுமே சொன்னேன். கதை வெளியே போனால் மாமியார் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னைத் துரத்திவிடுவார். கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் அடுப்படியில் இருந்தேன். மிஸி ஊசியை என் கையில் தந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

"நீயே குத்து, நீயே பார். விருப்பமெண்டால் எனக்குச் சொல்லு. ஊருக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

சொன்னேன். என்ன சொன்னேன் என்று அறியத்தானே இவ்வளவு தூரம் வாசித்தீர்கள்? அது மிஸியோடு போய்விட்டது. பிள்ளைகள் என்னோடு இருக்கிறார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சைக்கிள். அவர் தங்கையிடம் கேட்டு வாங்கி வந்தேன். இன்று காலையிலிருந்து அது என் படலையில்தான் நிற்கிறது. நன்றாகப் பாருங்கள்.